ஒரு ரூபாய் அறுபத்தைந்து பைசா கல்யாணம்!

'உங்களுடையது லவ் மேரேஜா, அரேஞ்ச்டு மேரேஜா?'

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் காத்திருக்கிற நேரத்தில் கேட்கிற கேள்வி இது. முப்பது வருஷத்துக்கு மேலாக இதற்கு நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கிறேன். லவ் என்று சொல்லலாமென்றால், கல்யாணத்துக்கு முன்னால் நானும் என் சகதர்மிணியும் சேர்ந்து ஒரு சினிமாகூடப் பார்த்ததில்லை. பீச்சுக்குப் போனதில்லை. (எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் கடற்கரை உண்டு, மீமிசல் பக்கம். ஆனால், அங்கே காதலர்களைவிடக் கருவாடுதான் அதிகம் காயும்!) சரி, அரேஞ்ச்டு என்று சொல்லிவிடலாமென்றால், ஜாதகம் பார்க்கவில்லை, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிடவில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தீவிரமாக அரேஞ்ச் செய்ததெல்லாம் கல்யாணத்தை நிறுத்துவதற்குத்தான்.

எங்களுடையது அறிவொளி மேரேஜ், ஸார்!

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1988-ல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரளத்து எர்ணாகுளம் மாவட்டம் விழுந்தடித்துக்கொண்டு ஓடி, 1990-ல் நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று பெயர் வாங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினால் நம் வீட்டில் சும்மா இருப்பார்களா? 1991-ல் எங்கள் மாவட்டத்திலும் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். அரசாங்கம் ஒரு பக்கம், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் மாதிரியான அமைப்புகள் ஒரு பக்கம், வாத்தியார்கள், காலேஜ் பிள்ளைகள், வேலை கிடைக்காதவர்கள் என்று ஒரு பெரிய பட்டாளமே கிளம்பியது. ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒரு தொண்டர். கொடுத்தது சிலேட்டு, புத்தகம், ஓர் அரிக்கேன் விளக்கு. சம்பளம் பூஜ்யம்.

நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து, அதை ரின்யூவல் செய்வதையே உத்தியோகமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆசாமி. தெருமுனையில் அறிவொளிக் கலைக்குழு நாடகம் போடுகிறார்கள் என்று வேடிக்கை பார்க்கப் போனவன், அப்படியே பேரைக் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சம்பளம் இல்லாத வேலைக்கு யாராச்சும் போவாங்களா?"

"இத்தனை நாளா சம்பளமும் இல்லை, வேலையும் இல்லை. இப்ப வேலையாவது இருக்கே. பிரமோஷன்தானேம்மா!"

குடுமியான்மலைப் பக்கம் பன்னிரண்டு மையங்களைச் சைக்கிளில் சுற்றிப் பார்த்து, வகுப்பு நடக்கிறதா, மண்ணெண்ணெய் இருக்கிறதா, வந்தவர்கள் தூங்குகிறார்களா என்று நோட்டில் குறிக்கிற வேலை. பெரும்பாலும் மூன்றாவதுதான் நடந்துகொண்டிருந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பகலெல்லாம் கல் உடைத்துவிட்டு ராத்திரி ஏழரை மணிக்கு வந்து உட்காருகிறவர்களுக்கு 'அ'னாவும் தாலாட்டுத்தான், 'ஆ'வன்னாவும் தாலாட்டுத்தான்.

அப்படிச் சுற்றும்போது ஒரு காலனியில், சமுதாயக்கூடத்து வராந்தாவில் நடந்த வகுப்பில் யாருமே தூங்கவில்லை. பதினோரு பெண்கள். நடுவில் விளக்கு. விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டீச்சர். நான் வந்து நின்றதையே கவனிக்கவில்லை.

அறிவொளிப் புத்தகத்தில் முதல் பாடம் அணில், ஆடு இல்லை. 'பட்டா', 'படி'. வயசானவர்களுக்கு அணில் படம் காட்டினால் சிரிப்பார்கள், அவர்கள் வாழ்க்கையில் புழங்குகிற வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. எந்தப் புண்ணியவானின் யோசனையோ, மகா கெட்டிக்காரர். பட்டா என்றால் என்ன என்று கிராமத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டா இருக்கிறவனுக்கும் தெரியும். இல்லாதவனுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு ஒரு பாட்டி சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். "ஏ ஆயி, இது வேணாம். வேற எதையாச்சும் எழுது. இந்தப் பட்டாவுலதான் எங்க கொல்லை போச்சு."

புருஷன் செத்த வருஷம் இருநூறு ரூபாய் கைமாற்று வாங்கியிருக்கிறாள். ஒரு தாளில் ரேகை வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். அடுத்த நடவுக்குக் கொல்லையில் வேறு யாரோ ஏர் பூட்டிக்கொண்டு நின்றார்கள். "அதுல என்னா எழுதியிருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, ஆயி."

வராந்தாவில் சத்தமே இல்லை. இந்த இடத்தில் நானாக இருந்தால் 'அழாதீங்க பாட்டி' என்று ஏதாவது உளறியிருப்பேன். அந்தப் பெண் ஆறுதலே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சிலேட்டை நிமிர்த்தி மறுபடி பாட்டியின் மடியில் வைத்தது.

"அப்ப இதைத்தான் பாட்டி நீங்க மொதல்ல படிக்கணும். இங்க பாருங்க. இந்த 'டா'வுக்குப் பின்னாடி ஒரு கால் நிக்குதுல்ல? அதைப் புடுங்கி முன்னாடி இருக்கிற 'ப'வுக்கு வையிங்க. கடைசியில, 'படி'யில இருக்கிற 'டி'யைக் கொண்டாந்து போடுங்க. இப்பப் படிங்க."

"பா... ட்... டி." பாட்டி நிமிர்ந்தாள். "அட! நானு!"

பதினோரு பேரும் சிரித்தார்கள். "எனக்கே முட்டிக்காலு நிக்க மாட்டேங்குது. எழுத்துக்குப் போயிக் காலு ஒட்டுறியே தாயி!" என்றாள் பாட்டி. அதற்கும் ஒரு சிரிப்பு.

நான் நோட்டை எடுத்து 'மையம் திருப்திகரமாக நடைபெறுகிறது' என்று எழுதினேன். வேறு எதை அரசாங்க நோட்டில் எழுத முடியும்?

அதற்குப் பிறகு மற்ற மையங்களுக்கு மாசம் இரண்டு தடவையும், அந்த மையத்துக்கு வாரம் இரண்டு தடவையும் போக வேண்டிய நிர்வாக நிர்ப்பந்தம் ஏற்பட்டது. அந்த மையத்து அரிக்கேன் விளக்கு அடிக்கடி மக்கர் செய்தது என்பதுதான் நான் கொடுத்த விளக்கம். விளக்கும் என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக இரண்டு தடவை நிஜமாகவே மக்கர் செய்தது.

பெண் பார்க்கிற படலம் என்று ஒன்று வைத்திருக்கிறோமே, அதைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. இருபது நிமிஷம். பெண் தலையைக் குனிந்துகொண்டு காபி கொடுக்கும். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொள்வான். இரண்டு பேரும் பார்ப்பது டம்ளரைத்தான். டம்ளரின் குணம் நன்றாகத் தெரிந்துவிடும்.

நான் எட்டு மாசம் பார்த்தேன். பெரும்பாலும் பின்னலும், விளக்கு வெளிச்சத்தில் பாதிக் கன்னமும்தான் தெரியும். ஆனால், யார் யார் பிள்ளையோ மடியில் தூங்க, கால் மரத்துப்போய் அதை நகர்த்தாமலே ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்தியதைப் பார்த்தேன். கல் உடைக்கிற பெண் ஒருத்தி தன் கூலி நோட்டைத் தானே கூட்டிப் பார்த்து, "டீச்சர், நாலு லோடு குறையுது" என்று கத்தியபோது, "நாளைக்கு மேஸ்திரிகிட்ட நீங்களே கேளுங்க. நான் வர மாட்டேன். நீங்கதான் கேக்கணும்" என்று சொன்னதைப் பார்த்தேன். கேட்டார்கள், கிடைத்தது. (அந்தச் சமயத்தில்தான் எங்கள் மாவட்டத்தில் சில கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். மேஸ்திரிகளுக்கு அது கஷ்டகாலம்.)

இன்னொன்று நான் பார்க்கவில்லை, பாட்டி சொன்னாள். "மொத நாளே எங்க குடத்துத் தண்ணியை வாங்கிக் குடிச்சுது தம்பி, அந்தப் புள்ள."

இதன் அர்த்தம் புரிய வேண்டுமானால் அந்தப் பிள்ளையின் அப்பாவைத் தெரிய வேண்டும். அவர் ஊருக்குள் கிளைத் தபால் ஆபீஸின் போஸ்ட் மாஸ்டர். ஆபீஸ் என்பது அவர் வீட்டுத் திண்ணைதான். ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு முத்திரைக் கட்டை, காதில் செருகிய சிவப்புப் பேனா. கடித உறையில் விலாசம் தப்பாக இருந்தால் சிவப்பு மையில் திருத்திவிட்டுத்தான் முத்திரை குத்துவார். பின்கோடு எழுதாதவர்களை அவர் மனிதப் பிறவியிலேயே சேர்ப்பதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு வருகிற கடிதத்தைப் படித்துச் சொல்வதும், பதில் எழுதித் தருவதும் அவர்தான். நல்ல மனுஷர், காசு வாங்க மாட்டார். ஆனால், காலனிக்காரர்கள் தெருவில் நின்றுதான் சொல்ல வேண்டும். அவர் திண்ணையிலிருந்து எழுதுவார். அது அவர் போட்ட சட்டமில்லை, அவர் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது என்பார். மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை.

அந்தத் திண்ணையிலிருந்து இறங்கிப் போய்த்தான் மகள் அந்தக் குடத்துத் தண்ணீரைக் குடித்தது.

இதற்கு நடுவில் சைக்கிள் வந்தது. அறிவொளிப் பெண்கள் ஊருக்கு ஊர் போய் வர வேண்டும், பஸ்ஸை நம்பினால் அடுத்த ஜென்மத்தில்தான் போய்ச் சேர முடியும், ஆகவே எல்லாரும் சைக்கிள் பழகுங்கள் என்று இயக்கம் சொல்லிவிட்டது. சைக்கிள் வாங்க பேங்க் கடனுக்குக் கலெக்டர் ஏற்பாடு செய்தார். கிளம்பிவிட்டார்கள் ஸார்! பள்ளிக்கூட மைதானம், களத்துமேடு, கண்மாய்க்கரை என்று எங்கே பார்த்தாலும் பெண்கள் சைக்கிளிலிருந்து விழுந்துகொண்டிருந்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே சேலையைச் செருகிக்கொண்டு ஓட்டினார்கள். அதுதான் வசதி என்றுகூடச் சிலர் சொன்னார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! வாடகை சைக்கிள்கடைக்காரர்கள் அந்த வருஷம் பார்த்த லாபத்தை அப்புறம் பார்க்கவில்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பிற்காலத்தில் எட்டாம் வகுப்பு இந்திப் பாடப் புத்தகத்திலேயே இடம்பிடித்தது.

1992 மார்ச் 8, மகளிர் தினம், ஞாயிற்றுக்கிழமை. 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிக்கொண்டு, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் சைக்கிளில் வந்தார்கள். ரோட்டோரம் நின்ற ஆண்பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். போஸ்ட் மாஸ்டர் மகளும் அதில் போயிற்று. முகத்தில் சிரிப்பெல்லாம் இல்லை. பரீட்சை எழுதுகிற மாதிரி நேரே பார்த்துக்கொண்டு மிதித்தது. பின்னால் கேரியரில் பாட்டி! "முட்டிக்காலு வலிக்கு இது ரொம்ப சொகமா இருக்கு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள்.

இந்தச் செய்தி கந்தர்வகோட்டைப் பக்கத்து ஒரு வீட்டுக்கும் போனது. அங்கே அந்தப் பெண்ணுக்கு ஒரு மாப்பிள்ளையைப் பேசி, இருபது பவுனில் கிட்டத்தட்ட முடித்துவைத்திருந்தார்கள். 'பொண்ணு சைக்கிள் விடுதாமே' என்று ஆள் அனுப்பினார்கள். சம்பந்தத்தை முறிக்கவில்லை. அஞ்சு பவுன் கூடக் கேட்டார்கள்! சைக்கிள் ஓட்டியதற்கு அபராதம். டிராபிக் போலீஸ்கூட அவ்வளவு போட மாட்டார்.

ஊருக்குள் பேச்சும் கிளம்பியது. ராத்திரியில் வயசுப் பெண் காலனிக்குப் போகிறது, அங்கே ஒருத்தன் அடிக்கடி விளக்கு ரிப்பேருக்கு வருகிறான் என்று. இரண்டாவது பாதி உண்மைதான்.

ஒரு நாள் மண்ணெண்ணெய்க் கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். அதுதான் எங்களுக்குள் இருந்த அதிகபட்ச சரசம். "போன வாரம் ரெண்டு லிட்டர், சார்" என்றது. நான் எழுதிக்கொண்டே, "உங்க வீட்டுல வந்து கேக்கட்டுமா?" என்றேன்.

"எதை? மண்ணெண்ணெயா?"

"இல்லை."

பதினைந்து விநாடி இருக்கும். இன்று வரை நான் கடந்த பதினைந்து விநாடிகளில் அதுதான் நீளமானது.

"எங்க அப்பா ஒத்துக்க மாட்டாரு. நீங்க வேற ஆளுக, நாங்க வேற ஆளுக. ஆனா கேளுங்க. கேட்டாத்தானே அவரும் இல்லைன்னு சொல்ல முடியும்?" அப்புறம் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, என் கூட்டலைச் சரிபார்த்துவிட்டு, "இவங்களுக்கு மூணாவது புத்தகம் முடியட்டும். அதுக்கப்புறம்தான் எதுவா இருந்தாலும்" என்றது.

காதலைச் சொன்ன இடத்தில் சிலபஸ் முடிக்கச் சொன்ன பெண் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்!

போய்க் கேட்டேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். எந்த ஊர், யார் மகன், என்ன ஆளுக என்று மூன்று கேள்வி. மூன்றாவது பதிலுக்குப் பிறகு, "சரி தம்பி, தபால் ஏதும் இருக்கா? இல்லைன்னா கௌம்புங்க" என்றார். கத்தவில்லை, திட்டவில்லை. கத்தியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம்.

மறுநாளிலிருந்து டீச்சர் வகுப்புக்கு வரவில்லை. அவர் அனுப்பவில்லை. சைக்கிளைத் திண்ணைத் தூணில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்.

நாலு நாள் அந்த வராந்தாவில் விளக்கு எரியவில்லை. ஐந்தாம் நாள் நான் போனபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாட்டிதான் கண்ணாடியைத் துடைத்து ஏற்றியிருந்தாள். பதினோரு பேரும் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் இல்லை.

"தம்பி, காயிதம் எழுதுற பாடத்துல நின்னுபோச்சு. போஸ்ட் கார்டு என்னா விலை?"

"பதினஞ்சு பைசா, பாட்டி."

அடுத்து நடந்தது எதற்கும் நான் பொறுப்பில்லை. எனக்கு அவர்கள் சொல்லவும் இல்லை. என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துப் பின்னால் சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

காலையில் பதினோரு பெண்களும் தபால் ஆபீஸ் முன்னால் வந்து நின்றார்கள். ஆளுக்கு ஒரு கார்டு. மொத்தம் ஒரு ரூபாய் அறுபத்தைந்து பைசா. ஒரே நாளில் பதினோரு கார்டு விற்பது அந்தக் கிளை ஆபீஸ் சரித்திரத்தில் முதல் தடவை. போஸ்ட் மாஸ்டர் வழக்கம்போலப் பேனாவைத் திறந்துகொண்டு, "யாருக்கு எழுதணும், சொல்லுங்க" என்றார்.

"நீங்க எழுத வேணாம் சாமி. நாங்களே எழுதிக்கிறோம்."

சொல்லிவிட்டுப் பாட்டி, தெருவில் நின்று எழுத முட்டி ஒத்துழைக்காது என்று முனகிக்கொண்டே, மெதுவாக ஒரு காலைத் தூக்கி வைத்து, திண்ணை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

தெருவே நின்றுவிட்டது என்று என் மனைவி சொல்வாள். எதிர்வீட்டில் சாணி தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் அப்பாவின் கை முத்திரைக் கட்டை மேல் இருந்தது. எழுந்து வந்து ஏதாவது சொல்லப் போகிறார் என்று நினைத்தாளாம். அவர் எழுந்திருக்கவில்லை. ஏறி உட்கார்ந்தவள் கையில் இருந்தது அவர் விற்ற கார்டு. அவர் கண்ணெதிரிலேயே அவள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவர் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாராம். பத்து வருஷமாக அந்தப் பாட்டிக்கு வெளியூர் மகனிடமிருந்து வந்த கடிதமெல்லாம் படித்துச் சொன்னவர் அவர்.

எழுதி முடித்துப் பெட்டியில் போட்டார்கள். மத்தியானம் அவரே பெட்டியைத் திறந்து எடுத்தார். பதினோரு கார்டும் அவர் பெயருக்கே! விலாசம் சரி. பின்கோடும் போட்டிருந்தார்கள் (டீச்சர் போஸ்ட் மாஸ்டர் மகளாயிற்றே!). சட்டப்படி முத்திரை குத்தினார். சட்டப்படி தனக்குத் தானே டெலிவரி செய்துகொண்டார். தபால் இலாகா விதிகளில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

எட்டு நாள் கழித்து எனக்கு ஆள் அனுப்பினார். திண்ணையில் உட்காரச் சொன்னார். கார்டுக் கட்டை என் முன்னால் வைத்தார்.

'டீச்சர் இல்லாமல் பாடம் நிக்கிது.' 'சயிக்கிளைப் பூட்ட வேண்டாம்.' 'டீச்சருக்கு கல்யானம் செய்யவும். நாங்கள் வருவோம்.' 'விலக்கு தம்பி நல்ல பையன். பீடி இல்லை.' (எனக்கு இதுவரை கிடைத்த நன்னடத்தைச் சான்றிதழ்களில் இதுதான் உயர்ந்தது.) எல்லாம் ஒரு வரி, இரண்டு வரி. எழுத்துகள் மலையேறுவதும் இறங்குவதுமாக இருந்தன.

கடைசிக் கார்டை எடுத்து என் கண்ணுக்கு நேராக நீட்டினார். கட்டை விரல் அளவுக்கு இருந்தது ஒவ்வோர் எழுத்தும்.

'பொன்ன குடு. பாட்டி.'

"இது என்ன தம்பி? பொண்ணைக் கேக்குதா, பொன்னைக் கேக்குதா? பொன்னைக் கேக்கத்தான் ஏற்கெனவே ஒருத்தன் இருக்கானே. இருபத்தஞ்சு பவுன்!"

"பொண்ணைத்தாங்க. மூணு சுழி ண."

"உங்க வீட்டுல பொன்னைக் கேப்பாங்களா?"

"எங்க அம்மா கேப்பாங்க. நான் வாங்க மாட்டேன்."

அவர் கார்டுகளை அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சரிசெய்து, ரப்பர் பேண்டு போட்டார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கல்யாணத்துக்கும் ரெண்டு சுழி ன போட்டிருக்கு ஒருத்தி. நாளையிலேருந்து அது வரட்டும். மொதல்ல இதைச் சரியாச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். உள்ளே பார்த்து, "சைக்கிள் சாவி அலமாரியில இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

1992 ஆகஸ்டில் புதுக்கோட்டையை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். எல்லாருமே படித்துவிட்டார்களா என்று கேட்காதீர்கள். புத்தகத்தை மூடிய ஆறு மாசத்தில் எழுத்தை மறந்தவர்களும் நிறைய. தொடர்ந்து படிக்கக் கையில் ஒன்றும் இல்லாவிட்டால் மறக்காமல் என்ன செய்யும்? அந்த இடத்தில் இயக்கத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட உண்டு. ஆனால், சைக்கிளை யாரும் மறக்கவில்லை.

செப்டம்பரில் குடுமியான்மலைக் கோயிலில் கல்யாணம். மாமனார் வந்தார். அவருடைய பங்காளிகள் வரவில்லை. மூன்று வருஷம் அவர் வீட்டு விசேஷத்துக்கு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மச்சினிக்கு வந்த இரண்டு வரன்கள் எங்களைக் காரணம் காட்டி நின்றுபோயின. அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் அம்மாவும் பவுன் விஷயமாகப் பேரன் பிறக்கிற வரைக்கும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ரிஜிஸ்டர் செய்யப் போனபோது பாட்டியும் சாட்சிக்கு வந்தாள். அங்கிருந்த ஊழியர் பழக்கதோஷத்தில் மை டப்பாவை நகர்த்தி வைத்தார். பாட்டி அதைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்திவிட்டு, "அதுல வச்ச விரலு போதும். பேனா குடுங்க" என்றாள். கையெழுத்துப் போட்டு முடிக்க நாலு நிமிஷம் ஆனது. ஊழியர் காத்திருந்தார்.

அந்தத் திண்ணையில் அப்புறம் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்தார்களா என்றால், பாட்டியும் இன்னும் இரண்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் தெருவில்தான் நின்றார்கள். மாமனார் 'மேல வாங்க' என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர்கள் சிரித்துக்கொண்டே நின்றுவிடுவார்களாம். அவருக்கு அது கடைசிவரை ஒரு குறை.

மாமனார் 2011-ல் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு அடியில் அந்தக் கட்டு இருந்தது. ரப்பர் பேண்டு கார்டோடு ஒட்டி உருகிப்போயிருந்தது. என் மனைவி ஒவ்வொன்றாகப் பிரித்து, எழுத்தைப் பார்த்தே 'இது வளையல் போட்ட அக்கா, இது குவாரிக்கார அக்கா' என்று சொல்லிக்கொண்டு வந்தாள். எல்லாக் கார்டிலும் சிவப்பு மை. 'சயிக்கிள்' சைக்கிள் ஆகியிருந்தது. 'கல்யானம்' கல்யாணம் ஆகியிருந்தது. 'விலக்கு தம்பி' விளக்குத் தம்பி ஆகியிருந்தேன். எப்போது உட்கார்ந்து திருத்தினாரோ!

பாட்டியின் கார்டில்தான் சிவப்பு மை அதிகம். 'பொன்ன குடு' என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேலே, அவருடைய அழகான சாய்வெழுத்தில் 'பெண்ணைக் கொடு' என்று எழுதியிருந்தார்.